பின்விசை

நாச்சாந்துபட்டி ஊருணி வறண்டு கிடந்த சித்திரையில்
பழைய வட்டிச்சிட்டைத் தாள்களை மைதாப் பசையில் ஒட்டி
ஆளுயரத்துக்கு ஒரு பாய் செய்து
இரண்டு கருவைக்கு நடுவே கட்டினோம்.
நாற்பது கெஜம் நான்தான் அளந்தேன்.
ஏட்டு ராசுக்குட்டி குடையோடு வந்திருந்தார்,
அனுமதிக் கடிதம் தொப்பிக்குள்.

உரிமம் வைத்திருந்தவர் போய்விட்டார். துப்பாக்கி விலைக்கு.
மதுரைக் கடையிலிருந்து என்னை அனுப்பினார்கள்,
பழுது பார்க்கிறவள், விலையும் சொல்லுவேன்.

இரட்டைக்குழல். இரும்பும் எஃகும் முறுக்கி அடித்தது,
பாம்புச் சட்டை மாதிரி வரி ஓடும்.
கரிமருந்துதான் போட்டேன், அதுவும் குறைத்து.
இந்த வயதுக் குழலில் இன்றைய தோட்டா வெடித்தால்
பூ விரிவது தாளில் அல்ல, என் முகத்தில்.
முதல் இரண்டு வெடி டயரில் கட்டி, கயிறு இழுத்து.
பிறகு தோளில்.

வலக்குழல் வாய் வரை ஒரே அகலம்.
இடக்குழல் கடைசி இரண்டு அங்குலத்தில்
நாலு தபால் அட்டைக் கனம் குறுகும்.
அவ்வளவுதான் சோக்.
அந்த நாலு அட்டைதான் கூட்டத்தைக் கட்டிப் போகிறது.

தோட்டாவுக்கு இருநூற்றெழுபது ரவை.
முப்பது அங்குல வட்டம் போட்டு எண்ணினோம்.
எண்ணியது உமையாள், மகள்,
வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.
ஒவ்வொரு ஓட்டைக்கும் சிவப்பு பால்பாயிண்டில் ஒரு டிக்,
ரங்கூன் கணக்கின் அசல் மேலும் வட்டி மேலும்.
இடது: நூற்றெண்பத்தொன்பது.
வலது: நூற்றுப் பதின்மூன்று,
கீழே வலப்பக்கம் ஒரு வெற்றிடம்,
காடை ஒன்று சிறகு மடக்காமலே தாண்டிப் போகலாம்.

"இன்னொரு இடம் இருக்கு, பாக்குறீங்களா?" என்றார்.

இரண்டாம் கட்டு. சாமான் அறைக் கதவு. பர்மாத் தேக்கு.
மெழுகு வைத்து அடைத்த புள்ளிகள்.
திருடன் வளைவைத் தாண்டி ஓடியபோது
அப்பச்சி மாடியிலிருந்து சுட்டது, வீட்டில் சொல்வது அப்படி.
மாடியிலிருந்து என்றால் முப்பது கெஜம்.
சுளகு அகலத்துக்காவது சிதறியிருக்க வேண்டும்.
உமையாள் கையை வைத்தார்.
உள்ளங்கையும் விரலும் மூடிக்கொண்டன எல்லாவற்றையும்.
எதிர்ச்சுவர் ஆறு கெஜம். அதற்கு மேல் பின்வாங்க இடமில்லை.

ஊருணிக்குத் திரும்பினோம். ஏட்டு முணுமுணுத்தார்.
ஆறு கெஜத்தில் இடக்குழல் ஒரு தாள்.
மூன்று கெஜத்தில் வலக்குழல் ஒரு தாள்.
கொண்டுவந்து கதவின் மேல் வைத்தால்
இரண்டும் பொருந்தின.

இதற்கு மேல் ரவை பேசாது.
நான் சொன்னேன்: முன்விசை வலக்குழல்.
பதறினால் விரல் தானாகப் போவது அதில்.
கிட்டே வந்து, கோபத்தில், அப்படி இருக்கலாம்.
பின்விசை இடக்குழல். விரல் முன்விசையை விட்டு
பின்னால் போய், தேடி, வளைய வேண்டும்.
அதற்குள் ஒரு மூச்சு இருக்கிறது. ஒருவர் மனம் மாறலாம்.

சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தேன்.
வெளிப்பக்கம் வெறும் வளையம்.
தாழ்ப்பாள் உள்ளே இருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை.

உமையாள் இரண்டு தாளையும் வெளிச்சத்தில் பிடித்தார்,
கள்ளநோட்டுப் பார்க்கிறவர் மாதிரி.
மூன்று கெஜத் தாளை மடித்து என்னிடம் தந்தார்.
"இது வேண்டாம்.
எங்க அப்பச்சி யார்கிட்டயும் இவ்வளவு கிட்ட வந்ததில்ல."

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
குழல் நீளம் முப்பது அங்குலம் என்று எழுதினேன்.
இடது சோக் முழுசு, தேய்மானம் இல்லை.
விலை எழுதினேன்.
ஏட்டு கையெழுத்துப் போடப் பேனா கேட்டார்.
சிவப்பு ஒன்றுதான் இருந்தது.